கொல்லன் உலையில் லாரிப் பட்டை

சேலத்திலிருந்து சங்ககிரி வழியாகக் கோவைக்குப் போகும் சாலையிலும், நாமக்கல், திருச்செங்கோட்டுப் பக்கங்களிலும் 'ஸ்பிரிங் ஒர்க்ஸ்' என்று பலகை தொங்கும் தகரக் கொட்டகைகள் உண்டு. லாரியோ பிக்கப்போ, பின் ஆக்சிலின் மேல் அடுக்காகக் கட்டியிருக்கும் கமான் பட்டைகளில் ஒன்று ஒடிந்தால் வண்டி அங்கேதான் வந்து நிற்கும். நம்முடைய மோட்டார் வரலாற்றில் முதலாளிகள் வருவார்கள், கம்பெனிகள் வரும், பஸ் ரூட்டுகளும் வரும். இந்தக் கொட்டகைக்கு மட்டும் இடம் இருக்காது. அப்படியே இடம் கிடைத்தாலும், உதிரிபாகம் கிடைக்காத காலத்தில் ஒப்பேற்றுவதற்காகப் பிறந்த தொழில் என்று ஒரு வரியில் கதை முடிந்துவிடும். அந்த வரி தவறு என்பதே என் வாதம். பட்டை ஒடிந்தால் ஒட்டுமொத்தக் கட்டையும் தூக்கி எறியாமல் ஒடிந்ததை மட்டும் கழற்றிச் சரிசெய்யும் வேலை மோட்டாருக்கு முன்பே இந்த ஊர்களில் இருந்தது. கொல்லருக்கு ஏற்கெனவே கைவந்த ஒரு பொருளைத்தான் மோட்டார் தன் அடியில் கட்டிக்கொண்டு வந்து இறங்கியது.

பட்டை ஸ்பிரிங் குதிரை வண்டிக்காரர்களின் பொருள். எஃகுத் தகடுகளை நீளவாக்கில் ஒன்றின்கீழ் ஒன்றாக அடுக்கி, நடுவில் இறுக்கிக் கட்டி, அதன்மேல் வண்டியை உட்கார வைக்கும் பழக்கம் ஐரோப்பியக் கோச்சு வண்டிகளில் 18-ஆம் நூற்றாண்டிலேயே பரவியிருந்தது. 1804-இல் லண்டனைச் சேர்ந்த கோச்சு தயாரிப்பாளர் ஒபதையா எலியட், இரண்டு விற்களை எதிரெதிரே வைத்து முட்டை வடிவில் சேர்த்துக் காப்புரிமை பெற்றார். வண்டியின் அடியில் முன்னிருந்து பின்வரை ஓடிய கனத்த உத்தரம் அதனால் தேவையற்றுப்போனது, வண்டியும் இலேசானது. அதற்கடுத்த நூறு ஆண்டுகளில் எஃகின் தரம் ஏறியதே தவிர அடுக்கின் அடிப்படை மாறவில்லை. 1908-இல் வந்த ஃபோர்டு மாடல் டி காரில் முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என்று இரண்டு பட்டைக் கட்டுகள் குறுக்குவாட்டில் இருந்தன. வனேடியம் கலந்த எஃகை ஃபோர்டு அதில் பெருமையோடு பயன்படுத்தினார். 1925-இல் அதே மாடல் டியின் பின்னால் ஒரு சரக்குப் பெட்டியைப் பொருத்தி 281 டாலருக்கு விற்றார்கள். தொழிற்சாலையிலிருந்தே பிக்கப்பாக வெளிவந்த முதல் ஃபோர்டு அதுதான். அதன் பாரத்தைத் தாங்கியதும் கோச்சு வண்டியிலிருந்து வந்த அடுக்குதான்.

சென்னையில் இந்தத் தொடர்ச்சி ஒரே கம்பெனிக்குள் தெரிகிறது. 1840-இல் தொடங்கிய சிம்சன் கம்பெனிக்குக் குதிரைச் சேணமும் கோச்சு வண்டியும்தான் முதல் தொழில். 1903-இல் அங்கே ஒரு நீராவிக் கார் கட்டினார்கள். பிறகு பஸ்களுக்கு பாடி கட்டும் வேலையும் வந்தது, இன்னும் பின்னால் டீசல் எஞ்சினும் வந்தது. கோச்சுக்குப் பட்டை பூட்டிய பட்டறைக்கு மோட்டாரில் புதிதாகக் கற்க எஞ்சின் இருந்தது, ஸ்பிரிங் இருக்கவில்லை.

ஆனால் பட்டணத்துக் கம்பெனி ஒன்றை வைத்து மாவட்டங்களின் கதையைச் சொல்லிவிட முடியாது. அங்கே சாட்சி வில் வண்டி. பாரவண்டியில் அச்சுக்கும் பாருக்கும் நடுவே மெத்தென்று எதுவும் கிடையாது. பள்ளத்தில் சக்கரம் இறங்கினால் முதுகெலும்பு சொல்லும். மிராசுதாரும் வக்கீலும் வைத்தியரும் ஏறிய வில் வண்டிக்கும், ரயிலடியில் காத்திருந்த ஜட்காவுக்கும் எஃகுப் பட்டை இருந்தது. வில் வண்டி வெறும் வசதி அல்ல, அந்தஸ்தும்கூட. அந்த அந்தஸ்து எவ்வளவு கறாரானது என்பதற்கு 1893-ஐ விடத் தெளிவான ஆண்டு இல்லை. திருவிதாங்கூரின் வெங்ஙானூரைச் சேர்ந்த அய்யங்காளி ஒரு வில் வண்டியை வாங்கி, தன் சாதி மக்கள் நடக்கவே கூடாது என்று தடுக்கப்பட்டிருந்த பொதுச்சாலையில் அதில் ஏறிப் போனார். எதிர்த்தவர்களுக்குச் சாலையும் உறுத்தியது, வண்டியும் உறுத்தியது. என் வாதத்துக்கு அந்த நிகழ்ச்சியிலிருந்து வேண்டியது ஒரு சிறு உண்மைதான்: 19-ஆம் நூற்றாண்டின் முடிவில் தெற்குக் கோடியிலும் பட்டை பூட்டிய வண்டி ஊரறிந்த பொருளாகிவிட்டது. மெட்டல் போடாத சாலையில் ஓடிய அந்தப் பட்டைகள் ஒடியாமல் இருந்திருக்காது. ஒடிந்ததை இங்கிலாந்துக்கு அனுப்பிச் சரிசெய்தவர் எவரும் இல்லை. வண்டிச் சக்கரத்துக்கு இரும்புப் பட்டா ஏற்றிய அதே கொல்லுப்பட்டறைக்குத்தான் அவை போயின.

இதில் ஊகம் இருக்கிறது என்பவர்கள் வேலையின் வரிசையைப் பார்க்க வேண்டும். ஒரு லாரிப் பட்டைக் கட்டில் மேலே இருப்பது மெயின் பட்டை. அதன் இரு முனைகளும் சுருட்டப்பட்டு வளையமாக இருக்கும். அந்தக் கண்ணுக்குள் புஷ் இருக்கும், புஷ்ஷுக்குள் பின் இருக்கும். ஒரு முனை சேசிஸோடு நேராகவும் மறுமுனை ஷாக்கிள் வழியாகவும் இணையும். கீழே இறங்க இறங்கப் பட்டைகள் குட்டையாகும். எல்லாவற்றையும் நடுவில் துளைத்து ஒரு சென்டர் போல்ட் கோக்கும். இரண்டு யு போல்ட்டுகள் கட்டை ஆக்சிலோடு சேர்த்து இறுக்கும். பட்டை பெரும்பாலும் ஒடிவது இரண்டு இடங்களில்: யு போல்ட் தளர்ந்த வண்டியில் நடுத்துளைக்குப் பக்கத்தில், இல்லாவிட்டால் கண்ணின் கழுத்தில். இனி கொட்டகைக்காரர் செய்வதைப் பாருங்கள். கண் சுருட்ட, பட்டையின் முனையை உலையில் சிவக்கவைத்து ஒரு கம்பியைச் சுற்றி அடித்து மடிக்கிறார். கதவுக்கு இரும்புக் கீல் செய்தவர்கள் தலைமுறைகளாகச் செய்த வேலை அது. நடுத்துளையைச் சூட்டிலேயே தமர் வைத்துக் குத்துகிறார். நீளத்தை உளி வைத்து வெட்டுகிறார். வளைவு இறங்கிய பட்டையைப் பக்கத்துப் பட்டையின்மேல் வைத்து இடைவெளி பார்த்துப் பார்த்து அடித்து ஏற்றுகிறார். கடைசியில் பதம். முழுப்பட்டையையும் சீராகச் சிவக்கவைத்து எண்ணெயில் இறக்குகிறார். பிறகு மிதமான சூடு கொடுத்து அதன் விறைப்பைத் தணிக்கிறார். ஆலையில் இந்தச் சூடு ஏறத்தாழ 850 டிகிரியும் அதன்பின் 400 முதல் 500 டிகிரி வரையும் என்று மானியில் வரும். கொட்டகையில் நிறம்தான் மானி. தோய்த்த பட்டையில் ஒட்டியிருக்கும் எண்ணெய் நெருப்பில் பற்றி எரிந்து அடங்கினால் பதம் வந்தது என்று கணக்கிடும் முறை, துப்பாக்கிக்கும் பூட்டுக்கும் ஸ்பிரிங் செய்த பழைய ஐரோப்பியக் கொல்லர்களிடமும் இருந்தது. துருத்தியின் இடத்தில் மின்சார புளோயர் வந்திருக்கிறது, கேஸ் வெட்டுக் கருவி வந்திருக்கிறது. மற்றபடி உலை, பட்டடை, சம்மட்டி, குறடு என்ற வரிசையில் மோட்டார் தொழிலுக்கென்று புதிதாகப் பிறந்த கருவி ஒன்றும் இல்லை.

அடுக்கு என்ற வடிவத்துக்கே இன்னொரு தன்மை உண்டு. அதைத்தான் இந்தத் தொழிலின் முதுகெலும்பு என்பேன். நீண்ட பட்டை முனையருகே ஒடிந்தால், ஒடிந்த பக்கத்தையும் அதற்கேற்ப மறுபக்கத்தையும் வெட்டிவிட்டால் அது கீழடுக்குக்கு உதவும் குட்டைப் பட்டை. அதுவும் ஒடிந்தால் இன்னும் கீழே போகும். அடுக்கில் எங்கேயும் பொருந்தாத துண்டு அரிவாள் பட்டறைக்குப் போகும். திருப்பாச்சேத்தி அரிவாளுக்கு லாரிப் பட்டைதான் பேர்போன மூலப்பொருள். சிலிக்கானும் மாங்கனீசும் கலந்த அந்த எஃகு, வெட்டும் முனையைப் பிடித்து நிறுத்தும் என்பது அங்குள்ளவர்களுக்குப் பாடப்புத்தகம் சொல்லித் தெரிந்ததல்ல. ஒரே எஃகு, ஒரே உலை, இரண்டு சரக்கு. ஸ்பிரிங் கொட்டகையை மோட்டார் தொழிலின் கடைக்கோடியாகப் பார்ப்பவர்கள், அது இரும்புத் தொழிலின் நடுவில் இருப்பதைக் கவனிப்பதில்லை.

இங்கே எழும் முதல் மறுப்பு வலுவானது. மோட்டார் வேலையை இந்த நாட்டுக்குக் கற்றுக்கொடுத்தது கொல்லுப்பட்டறை அல்ல. இரண்டாம் உலகப் போரின் ராணுவப் பட்டறைகளும் பஸ் கம்பெனி டிப்போக்களும்தான், அங்கே பழகியவர்கள்தான் வெளியே வந்து சாலையோரம் கடை வைத்தார்கள் என்பது அது. எஞ்சினையும் கியர் பெட்டியையும் மின்வேலையையும் பொறுத்தவரை இதை மறுக்க ஒன்றுமில்லை. ஆனால் காலத்தைக் கொஞ்சம் பின்னால் தள்ளிப் பாருங்கள். டி.வி. சுந்தரம் அய்யங்கார் மதுரையில் தொழில் தொடங்கியது 1911-இல். ஜி.டி. நாயுடு பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் நடுவே ஒற்றை பஸ்ஸை ஓட்டத் தொடங்கியது 1920-இல். போர்ப் பட்டறைகளுக்கு இருபது, முப்பது ஆண்டுகள் முந்தைய பஸ்கள் இவை. இரும்புப் பட்டா போட்ட மாட்டுவண்டிகள் தடம் பறித்த சாலைகளில்தான் ஓடின. அன்றைய பஸ்ஸின் உடல் மரம். அதைக் கட்டியவர் தச்சர். இதை யாரும் மறுப்பதில்லை. கரூரிலும் நாமக்கல்லிலும் இன்று பெரிதாக நிற்கும் பாடி கட்டும் தொழிலுக்குத் தச்சுவேலையில் வேர் இருப்பதை எல்லோரும் ஏற்கிறார்கள். தச்சருக்குத் தருகிற இந்தத் தொடர்ச்சியைக் கொல்லருக்கு மட்டும் மறுக்கக் காரணம் இல்லை. தச்சர் கட்டிய உடல் கண்ணுக்குத் தெரியும், வண்ணம் பூசிப் பெயர் எழுதலாம். பட்டை சேறு பூசிக்கொண்டு அடியில் கிடக்கும், அவ்வளவுதான் வேறுபாடு.

இதைக் குலத்தொழிலின் பெருமையாக நான் சொல்லவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்லியாக வேண்டும். கொல்லர் குடும்பத்துக்குள் அடைபட்டிருந்த அறிவு லாரித் தொழிலால் வெளியே கசிந்தது. கிளீனராக வந்தவரும் வயலை விட்டு வந்தவரும் சம்மட்டி பிடித்தார்கள். சங்ககிரி, திருச்செங்கோட்டு வறண்ட பூமியில் விவசாயம் கைவிட்டவர்கள் லாரிக்கும் ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டிக்கும் மாறியபோது அவர்களைச் சுற்றி எழுந்த கொட்டகைகளில் யாருடைய தாத்தா உலை ஊதினார் என்று யாரும் கேட்கவில்லை. தொடர்ந்து வந்தது வேலை. ஆட்கள் மாறிக்கொண்டேதான் இருந்தார்கள்.

இரண்டாவது மறுப்பு பற்றாக்குறை. வெளிநாட்டு வண்டிகளை இங்கே கோத்து மட்டும் விற்ற கம்பெனிகளுக்கு 1950-களின் தொடக்கத்தில் அரசு கதவடைத்தது. உள்நாட்டிலேயே உற்பத்தி செய்யும் திட்டம் இல்லாதவர்கள் வெளியேற வேண்டும் என்றானதும் ஃபோர்டும் ஜெனரல் மோட்டார்ஸும் 1954 வாக்கில் கிளம்பின. சாலையில் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்த அவற்றின் லாரிகளுக்கு உதிரிபாகம் வரும் வழி குறுகியது. 1954-இல் டாடா-பென்ஸ், 1955-இல் அசோக் லேலண்ட் என்று புதியவை வந்தாலும் இறக்குமதிக் கட்டுப்பாடும் லைசென்சும் 1991 வரை இருந்தன. அந்த நாற்பது ஆண்டுகளில் பட்டை வேலைக்குக் கிராக்கி கூடியது உண்மை. ஆனால் கிராக்கிக்குக் காரணமானது பிறப்புக்கும் காரணம் என்று ஆகாது. பற்றாக்குறையே பெற்றெடுத்த தொழில் எப்படி இருக்கும் என்பதற்கு நம்மிடம் நல்ல மாதிரிகள் இருக்கின்றன. போர்க்காலத்தில் பெட்ரோல் தட்டுப்பட்டபோது பஸ்ஸின் பின்னால் உருளைக் கொப்பரையைக் கட்டி, கரியை எரித்து வாயு எடுத்து ஓட்டினார்கள். பெட்ரோல் வந்ததும் கொப்பரை போனது, அதைப் பராமரிக்கும் கையும் போனது. 1990-களில் பொருளாதாரத் தடைக்குள் கிடந்த யாழ்ப்பாணத்தில் ஆஸ்டின், மொரிஸ் கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின. தடை விலகியதும் மண்ணெண்ணெய் அடுப்புக்குத் திரும்பியது. தட்டுப்பாட்டின் பிள்ளைகள் தட்டுப்பாட்டோடு போய்விட்டன. பட்டை வேலை போகவில்லை. 1991-க்குப் பிறகு புதுப்பட்டை எந்த ஊர் உதிரிபாகக் கடையிலும் கிடைக்கிறது. ஹரியானாவின் யமுனாநகரில் ஜம்னா ஆட்டோ போன்ற பெரிய ஆலைகளே இதற்கென்று இருக்கின்றன. ஆனாலும் வண்டி கொட்டகைக்குத்தான் வருகிறது. கடையில் கிடைப்பது பட்டை மட்டும். கட்டைப் பிரிக்கவும், எந்தப் பட்டை களைத்திருக்கிறது என்று தட்டிப் பார்க்கவும், புதுப்பட்டையின் வளைவைப் பழைய அடுக்கோடு ஒத்துப்போகச் செய்யவும் ஒரு கை வேண்டும்.

மூன்றாவது மறுப்பைத்தான் என்னால் முழுதாகத் தள்ள முடியாது: பாதுகாப்பு. நிறம் பார்த்துப் போடும் பதம் ஒரு பட்டைக்கும் அடுத்த பட்டைக்கும் மாறும். திறந்த உலையில் கூடுதல் நேரம் கிடந்தால் எஃகின் மேற்தோல் கரிச்சத்தை இழந்து மெலிவாகும். விரிசல் தொடங்குவது அந்தத் தோலில்தான். ஆலையில் பட்டையின்மேல் சிறு இரும்புக் குண்டுகளை வேகமாகப் பொழிந்து அந்த மேற்பரப்பை இறுக்குகிறார்கள். கொட்டகையில் அதற்கு வழியில்லை. உலையில் ஏற்றாமல் குளிரில் அடித்தே ஏற்றிய வளைவு சில மாதத்தில் இறங்கிவிடும். இவ்வளவும் உண்மை. ஆனால் இந்தத் தொழிலுக்குத் தன் எல்லை தெரியும் என்பதையும் கணக்கில் வைக்க வேண்டும். ஒடிந்த பட்டையை வெல்டிங் வைத்து ஒட்டித் திரும்ப ஏற்ற நல்ல கொட்டகைக்காரர் சம்மதிக்க மாட்டார். அரை சதவீதத்துக்கு மேல் கரிச்சத்து உள்ள எஃகில் வெல்டிங் ஓரம் கண்ணாடி மாதிரி விறைத்து, அடுத்த பள்ளத்தில் அதே இடத்தில் ஒடியும். அடுக்கும் ஒரு காவல். மெயின் பட்டையின் கண் ஒடிந்தாலும், பல கனரக வண்டிகளில் இரண்டாம் பட்டையின் முனை அந்தக் கண்ணைச் சுற்றி அணைத்திருப்பதால் ஆக்சில் உடனே விலகாது. கீழே ஒரு பட்டை ஒடிந்தால் மற்றவை பாரத்தைப் பகிர்ந்து வண்டியைப் பட்டறைவரை கொண்டுவந்து சேர்க்கும்.

கொட்டகையின்மேல் வைக்க வேண்டிய உண்மையான குற்றச்சாட்டு வேறு. அது ரிப்பேரைப் பற்றியது அல்ல, கூடுதல் பட்டையைப் பற்றியது. கம்பெனி கொடுத்த அடுக்கில் ஒன்றிரண்டு பட்டைகளைச் சேர்த்துவிட்டால் வண்டி பின்னால் உட்காராது. அனுமதித்த எடையைத் தாண்டி ஏற்றினாலும் நிமிர்ந்தே நிற்கும். பார்ப்பவருக்குப் பாரம் தெரியாது. ஆனால் பிரேக்கும் ஆக்சிலும் டயரும் சேசிஸும் பழையவையே. வாடகை எடைக்கணக்கில் பேசப்பட்ட தொழிலில் ஓனர்கள் இதைக் கேட்டார்கள், கொட்டகைக்காரர்கள் செய்து கொடுத்தார்கள். அதிக பாரத்துக்கு அபராதம் வாங்கிக்கொண்டு வண்டியை அப்படியே விடும் மாநில ஏற்பாடுகளை 2005-இல் உச்ச நீதிமன்றம் கண்டித்த பிறகும் பழக்கம் ஒரேயடியாக ஒழியவில்லை. 2018-இல் மத்திய அரசு எடை வரம்பையே உயர்த்தி, இரண்டு ஆக்சில் லாரியின் மொத்த எடையை 16.2 டன்னிலிருந்து 18.5 டன்னாக்கியது, சாலையில் ஏற்கெனவே நடந்ததை நோக்கிச் சட்டம் கொஞ்சம் நகர்ந்தது என்றே அதை நான் வாசிக்கிறேன். இதிலும் பழைய வேர் தெரிகிறது. பட்டைகளை எண்ணிப் பாரத்தைக் கூட்டுவதும் குறைப்பதும் அடுக்கு என்ற பொருளுக்குள்ளேயே இருக்கும் வசதி. காயில் ஸ்பிரிங்கில் இப்படிச் செய்ய இடமில்லை.

ஆகவே இந்தத் தொழிலுக்கு ஆபத்து எங்கிருந்து வரும் என்று கேட்டால், உதிரிபாகக் கடையிலிருந்தோ சட்டத்திலிருந்தோ அல்ல, பட்டையின் வடிவம் மாறுவதிலிருந்துதான் வரும். அது வந்துகொண்டும் இருக்கிறது. 1986-இல் டாடா 407, 2005-இல் நம் ஊர் 'குட்டி யானை' என்று கொண்டாடிய டாடா ஏஸ், 2011-இல் ஓசூரிலிருந்து வந்த அசோக் லேலண்ட் தோஸ்த் என்று சின்ன வண்டிகள் வரிசையாக வந்து, மாட்டுவண்டி விட்டுப்போன வேலைகளை எடுத்துக்கொண்டன. வாழைத்தாரும் செங்கலும் கல்யாணப் பந்தல் சாமானும் இன்று அவற்றில்தான் போகின்றன. ஏஸின் முன்பக்கத்திலும் தோஸ்திலும் இருப்பது பாரபோலிக் பட்டை. நடுவில் தடித்து முனையை நோக்கிப் படிப்படியாக மெலியும்படி உருட்டிய இரண்டு மூன்று பட்டைகள், ஒன்றோடொன்று உரசாமல் இடைவெளி விட்டு நிற்கும். எடை குறைவு, ஓட்டம் மென்மை. பொறியாளர்கள் இதைத் தேர்ந்தெடுத்தது சரிதான். ஆனால் தடிமன் மாறிக்கொண்டே போகும் பட்டையை வெட்டிக் கீழடுக்கில் சேர்க்க முடியாது, சேர்க்க அடுக்கே இல்லை. சம்மட்டியும் உலையும் கொண்டு அந்த மெலிவை உருவாக்கவும் முடியாது. கொட்டகைக்காரர் அதை முழுதாகக் கழற்றிப் புதிதை மாட்டுகிறார். அந்த வேலைக்கு ஸ்பேனர் போதும், உலை வேண்டாம். அதே ஏஸின் பின்பக்கத்தில், பாரம் இறங்கும் இடத்தில், பழைய அடுக்கு இன்னும் இருக்கிறது. பொலிரோ பிக்கப்பின் பின்புறத்திலும் இருக்கிறது. செங்கல் ஏற்றிய நடையில் அதில் ஒன்று ஒடிந்தால் ஓட்டுநர் கம்பெனி சர்வீஸ் சென்டரைத் தேடிப் போவதில்லை. வண்டியை ஜாக்கியில் ஏற்றி, யு போல்ட்டைக் கழற்றி, ஒடிந்ததை மட்டும் மாற்றிப் பூட்டி, பாரத்தோடு கொஞ்ச தூரம் ஓடிய பின் மறுபடி வந்து யு போல்ட்டை இறுக்கிக்கொள்ளச் சொல்லி அனுப்புகிறார்கள்.